மூன்றாம் எண் பதில் சொல்லவில்லை

14 டிசம்பர் 2025, ஞாயிறு. இன்று ஒரு தவறு செய்தேன். ஜம்பு சார் வருவதற்கு முன்பே, பார்க்கப் போன பொருளைத் தொட்டேன். தொட்டதோடு நிற்காமல் நகர்த்தியும் வைத்தேன். சின்னத் தவறுதான். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல சாயங்காலம் வரை தள்ளிப்போட்டேனே, அது சின்னதில்லை.

ப்ரீதி அன்றைய குறிப்பை இப்படித்தான் தொடங்கினாள். வார நாட்களில் புனேவின் ஆகுர்டியில் ஒரு கம்பெனியில் வேலை, மாலையில் சட்ட வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை ஜம்புவின் அலுவலகம் என்று அவள் பொழுது போயிற்று. பார்த்ததை அன்றன்றே எழுத வேண்டும் என்று வகுப்பில் சொன்ன நாள்முதல் எழுதி வருகிறாள். எழுதி முடித்ததும், நிஜமாகவே இப்படித்தான் பார்த்தோமா என்று தன்னையே சந்தேகப்படுவாள்.

ஜம்பு பல வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குச் சேதத்தை மதிப்பிட்டவர். எரிந்த கிடங்கையும் நசுங்கிய லாரியையும் பார்த்துப் பார்த்து எதற்கும் அவசரப்படாத மனிதராகிவிட்டார். இப்போது தனியாக அலுவலகம் வைத்து, காணாமல் போனதையும் கெட்டுப்போனதையும் விசாரித்துச் சொல்கிறார்.

அன்று காலை நீலா என்ற பெண் உள்ளே வந்தபோது, அவர் காட்டிய நாற்காலியில் உட்காரவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என் வீட்டுக்காரர் குரல் காணாமப் போயிடுச்சு சார்."

"உட்காருங்க. குரல் எதுல இருந்துச்சு?"

"இன்ஜின்ல."

ப்ரீதியின் பேனா நின்றது. ஜம்பு தலையை மட்டும் ஆட்டினார்.

நீலாவின் கணவன் அனிருத் மாடல் ரயில் பைத்தியம். ஔந்தில் அவர்கள் வீட்டில் ஓர் அறை முழுக்கப் பலகை போட்டு, தண்டவாளம் பதித்து, குட்டி ஸ்டேஷனும் மலையும் கட்டி வைத்திருந்தான். அவனுடைய நீல நிற இன்ஜினுக்குள் ஒலி எழுப்பும் சிப் ஒன்று உண்டு. அதில் ஹாரன் சத்தத்தை அழித்துவிட்டுத் தன் குரலில் ஓர் அறிவிப்பைப் பதிந்திருந்தான். ஜூன் மாத மழையில், காத்ரஜ் இறக்கத்தில் ஒரு லாரி அவனையும் அவன் போனையும் சேர்த்து நசுக்கிவிட்டது.

"போட்டோ நிறைய இருக்கு சார். குரல் அது ஒண்ணுதான். வாட்ஸாப்ல கூட டைப் பண்ணுவாரே தவிர பேசி அனுப்ப மாட்டார், வெக்கம். தினம் ஒரு தடவை கன்ட்ரோல் பெட்டியில ஹாரன் பட்டனை அழுத்திக் கேட்டுட்டுத்தான் வேலைக்குப் போவேன். போன வாரம் வீட்ல ஆள் வந்து போயிட்டு இருந்ததுல ரெண்டு நாள் கேக்கல. புதன்கிழமை அழுத்தினேன். ஒண்ணும் வரலை. லைட் கூட எரியலை."

"இப்ப அது எங்கே?"

"பிளாட்பாரத்துலயே விட்டுட்டேன். நாளைக்குக் காலைல என் கொழுந்தன் பிரணவ் ஹடப்சர்ல ஒரு ரிப்பேர்காரர்கிட்ட எடுத்துட்டுப் போறான். சிப் செத்திருக்கும், பிடுங்கிப் போட்டுட்டு வேற மாட்டிடலாம்னு அந்த ஆள் போன்லயே சொல்லிட்டார். பிரணவ் வேற ஒண்ணு சொல்றான். ஷ்யாம் அண்ணா சிப்பைத் திருடிட்டார்னு. பிரிச்சுப் பாத்து, போலீஸ்ல சொல்லப் போறானாம்." அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஒருவேளை குரல் உள்ளயே இருந்தா? பிரிக்கறப்ப போயிடுச்சுன்னா? இதுல ஒரு தடவை கூடத் தப்பு பண்ண முடியாது சார்."

ஜம்பு டீயை அவள் பக்கம் நகர்த்தினார். "சமீபத்துல புதுசா என்ன வாங்கினீங்க?"

"அது எதுக்கு?"

"சேதம் நடந்த இடத்துக்குக் கடைசியா வந்த புதுப் பொருள் எதுன்னு கேக்கறது என் பழக்கம்."

நீலா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். இரண்டு வண்டி ஓட வேண்டும் என்பது அனிருத்தின் திட்டம். அவன் நினைத்ததை முடித்துவிடலாம் என்று போன ஞாயிறு ஷ்யாமைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறாள். ஷ்யாம் அனிருத்தின் பழைய நண்பன். அவனும் ரயில் ஆள்தான், ஆனால் பழைய பாணி. மலிவான சாதாரண இன்ஜின் போதும் என்றானாம். கடைக்காரர் மறுத்திருக்கிறார். தண்டவாளத்தின் அகலம் பொருந்தினால் மட்டும் போதாது, கன்ட்ரோல் பெட்டியும் பொருந்த வேண்டும். வீட்டில் இருப்பது டிஜிட்டல் பெட்டி, அதில் சாதாரண இன்ஜினை வைத்தால் நின்ற இடத்திலேயே ரீங்காரம் போட்டுச் சூடாகிவிடும் என்று சொல்லி, சிப் உள்ள சிவப்பு இன்ஜினைக் கொடுத்தார்.

"டிஜிட்டல்னா?"

"ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒரு நம்பர் சார். பெட்டியில நம்பரைப் போட்டாத்தான் அது நாம சொல்றதைக் கேக்கும். கடைல இருந்து வர்ற எல்லாத்துக்கும் நம்பர் மூணுதான். அவரோடதும் மூணு. அதனால புதுசுக்கு ஷ்யாம் அண்ணா வேற நம்பர் கொடுத்தார், எட்டு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்தி போட்டோ கூட எடுத்தோம். அப்புறம் புதுசை ஓட்டிப் பழக்கணும்னு பழசை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில வெச்சுட்டேன். புதன்கிழமைதான் வெளிய எடுத்தேன்."

கைபேசியில் அந்தப் படத்தைக் காட்டினாள். நீலமும் சிவப்பும் ஒரே தண்டவாளத்தில். ஓரத்தில் ஷ்யாமின் கை, அதில் கன்ட்ரோல் பெட்டி.

"நீங்க முன்னாடி போங்க. நான் பஸ்ல வந்து சேர்றேன்," என்றார் ஜம்பு.

ப்ரீதி நீலாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனாள். வியாழக்கிழமைச் சண்டைக்குப் பிறகு நீலா அந்த அறையைப் பூட்டியே வைத்திருந்தாள். பூட்டைத் திறந்துவிட்டு, உள்ளே வர மனமில்லாமல் வாசலோடு நின்றுவிட்டாள். அறைக்குள் ஃபெவிகாலும் தூசியும் கலந்த வாசனை. நீல இன்ஜின், நீலா சொன்னபடி பிளாட்பாரத்தில் இல்லை. ஒரு முழம் தள்ளி, தண்டவாளம் முடிகிற இடத்தில் தடுப்புக் கட்டையில் மூக்கை இடித்துக்கொண்டு நின்றது. யாருடைய கையாவது பட்டிருக்கும் என்று நினைத்தாள் ப்ரீதி. பிளாட்பாரம் என்றுதான் காலையில் எழுதியிருந்தாள். எழுதியதும் இருப்பதும் ஒன்றாக இருக்கட்டும் என்று இன்ஜினைப் பிடித்துப் பின்னால் தள்ளி வைத்தாள். வைத்த கணமே கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

ஜம்பு வந்ததும் முதலில் இன்ஜினை எடுத்து மூக்கருகே வைத்து முகர்ந்தார். பிறகு புரட்டி லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"ஸ்க்ரூ மேல சிவப்பா பொட்டுப் பொட்டா இருக்கே, இது என்ன?"

நீலா வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். அன்று முதல்முறையாக அவள் முகம் வேறு மாதிரி ஆனது. "என் நெயில் பாலிஷ்! ஸ்க்ரூ கழண்டு வரக்கூடாதுன்னு வெச்சிருப்பார். கல்யாணத்துக்குப் போட்டது. எங்க போச்சு, எங்க போச்சுன்னு தேடினேன். கடைசில இவர் மேஜை டிராயர்ல காஞ்சு போய்க் கிடந்துச்சு. ஜூலைலயே தூக்கிப் போட்டுட்டேன்."

சமையலுக்கு வரும் செல்வமேரி கட்கியில் குடியிருப்பவள். அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"வியாழக்கெழமை சாயங்காலங்க. ஷ்யாம் அண்ணன் அந்த பால்கனில உக்காந்து புது இஞ்சினை நோண்டிக்கிட்டு இருந்தாரு. குளுருன்னு கண்ணாடிக் கதவைச் சாத்திக்கிட்டாரு. அது பாங் பாங்னு கத்துது. அந்தச் சத்தத்துக்கு நடுவுல நம்ம அனிருத் அண்ணன் பேசறாரு! ஏசுவேன்னு குக்கர் மூடியக் கீழ போட்டுட்டேன். அதே நேரம் பாத்து பிரணவ் தம்பி உள்ள வந்தாரு. அப்புறம் ஒரே ரகளை."

"குரல் பால்கனில இருந்து வந்துச்சா, இந்த அறைல இருந்தா?"

"கிச்சன்ல இருந்தா ரெண்டும் ஒரே பக்கம்தாங்க. பயத்துல திசையெல்லாமா பாப்பாங்க?"

ஷ்யாமும் பிரணவும் ஐந்து மணிக்கு வந்தார்கள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பிரணவ் கையில் இன்ஜினை எடுத்துப் போக ஓர் அட்டைப் பெட்டி.

"சிம்பிள் ஹை சார்," என்றான் பிரணவ். புனேவிலேயே பிறந்து வளர்ந்தவனுக்குத் தமிழ் தடுக்கித் தடுக்கித்தான் வந்தது. "அண்ணா வாய்ஸ் இந்த இன்ஜின்ல வரலை. ஷ்யாம் புது இன்ஜின் சலாயா, ஓட்டினார், அப்போ வந்தது. மத்லப், சிப் இதர் சே உதர், இங்கேருந்து அங்கே. வேற என்ன?"

"டேய், உன் அண்ணன் வாய்ஸை வெச்சு நான் என்னடா பண்ணப் போறேன்? சந்தைல விக்கவா?" ஷ்யாமின் கண்கள் சிவந்திருந்தன. "கடைசியா அவனைத் தோள்ல தூக்கிட்டுப் போனது நான்டா."

"அதான் உங்களுக்கும் வேணும்!"

"சண்டை போட்டு முடிச்சாச்சுன்னா சொல்லுங்க," என்றாள் நீலா. "நான் அதுவரைக்கும் இங்கயே உக்காந்திருக்கேன். எனக்கு வேற வேலை என்ன இருக்கு?" சொல்லிவிட்டு இன்ஜினை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பிரணவின் கையிலிருந்த பெட்டி தாழ்ந்தது.

ஜம்பு யாரையும் பார்க்காமல் கேட்டார். "வியாழக்கிழமைக்கு அப்புறம் இந்த அறைக்குள்ள யாராவது போனீங்களா? இன்ஜினைத் தொட்டீங்களா?"

எல்லோரும் இல்லை என்றார்கள். ப்ரீதிக்குக் காது சூடாயிற்று. இப்போதும் பேசாவிட்டால் இனி எப்போதும் முடியாது.

"நான் தொட்டேன் சார். நான் வந்தப்ப அது பிளாட்பாரத்துல இல்லை. கோடியில தடுப்புக் கட்டையில முட்டிட்டு இருந்துச்சு. நான்தான் பின்னால தள்ளி வெச்சேன். தப்பு."

ஜம்பு முதல்முறையாக முகம் மலர்ந்தார். "முட்டிட்டு இருந்துச்சா? நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன் சார்."

"அப்ப முடிஞ்சுதும்மா. நீ தொட்டது தப்பு. சொன்னது ரொம்பப் பெரிய உதவி." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சிப் கருகலை. கருகின எலக்ட்ரானிக் சாமான் நாத்தம் கூட்டுக்குள்ள மாசக் கணக்குல நிக்கும். இதுல இல்லை. சிப்பை யாரும் மாத்தவும் இல்லை. ஸ்க்ரூ மேல வெச்ச பாலிஷ் கீறல் விழாம இருக்கு. திருப்பி வெக்கறதுக்கு அந்த பாட்டிலும் ஜூலைல இருந்து கிடையாது. அப்ப அனிருத் குரல் இதுக்குள்ளதான் இருக்கணும்."

"பின்ன ஏன் சார் பேசலை?" நீலா பாதி எழுந்துவிட்டாள்.

"வியாழக்கிழமை பேசிச்சே! பேசினது மட்டுமில்ல, நடந்தும் போயிருக்கு. புதன்கிழமை நீங்க பிளாட்பாரத்துல விட்டது, நீங்க அறையைப் பூட்டறதுக்கு முன்னாடியே கோடி வரைக்கும் போய் முட்டியிருக்கு. ஷ்யாம், பால்கனில எப்படி ஓட்டினீங்க?"

"வீல் ஆடுச்சு. பால்கனில இருக்கற அனிருத் மேஜைல ஒரு துண்டுத் தண்டவாளம் இருக்கும், அதுல வெச்சுப் பாத்தேன். ஒயர் இந்தப் பெட்டியில இருந்துதான் போகுது. நம்பர் எட்டு போட்டு, ஓட்டி, ஹாரன்..." ஷ்யாம் பாதியில் நின்றான்.

"ஒரே பெட்டி. ஒரே கட்டளை. அங்க சிவப்பு இன்ஜின் சுத்துச்சு, இங்க நீல இன்ஜின் நடந்துச்சு. நீங்க அழுத்தின ஹாரன் பட்டன் இதுல அனிருத்தோட அறிவிப்பு. கதவைச் சாத்திட்டு இருந்த உங்களுக்குக் கேக்கலை, செல்வமேரிக்குக் கேட்டுச்சு. எட்டுன்னு கூப்பிட்டதுக்கு ரெண்டும் பதில் சொல்லியிருக்கு. ஏன்?" ஜம்பு நீலாவின் கைபேசியை நீட்டினார். "புதுசுக்கு நம்பர் கொடுத்தப்ப ரெண்டும் ஒரே தண்டவாளத்துல நின்னுச்சு. ஒரு வகுப்புல மூணாம் நம்பர்னு ரெண்டு பிள்ளைங்க. 'மூணாம் நம்பர், இனிமே நீ எட்டு'ன்னு டீச்சர் சொன்னா ரெண்டும்தானே தலையாட்டும்? புதன்கிழமை நீங்க மூணுன்னு கூப்பிட்டீங்க, மூணுன்னு அங்க யாருமே இல்லை."

ஷ்யாம் நெற்றியில் அடித்துக்கொண்டான். "நம்பர் கொடுக்கத் தனித் துண்டுல வெச்சுத்தான் கொடுக்கணும்! அதுக்குத்தான் அவன் மேஜையில அதைப் போட்டு வெச்சிருந்தான். என் வீட்டுப் பெட்டியில நம்பரே கிடையாது சார், திருகினா ஓடும், அவ்வளவுதான். எனக்குத் தோணவே இல்லை. நான்தான், நானேதான்..."

"சிவப்பை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில வைங்க. நீலா, நீங்க நீலத்தைப் பிளாட்பாரத்துல வெச்சு எட்டு போடுங்க."

நீலா இன்ஜினைத் தண்டவாளத்தில் வைத்தாள். சக்கரம் பதியவில்லை. இரண்டாவது முறை பதிந்தது. எண்ணைப் போட்டாள். பட்டன் மேல் கட்டைவிரலை வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

"வரலைன்னா?" என்றாள்.

சமையலறை வாசலில் செல்வமேரி சிலுவை போட்டுக்கொண்டாள். நீலா கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

இன்ஜினின் விளக்கு எரிந்தது. சின்ன ஸ்பீக்கர் கரகரத்தது. வெட்கப்படுகிற ஓர் ஆண் குரல், ரயில் நிலைய அறிவிப்பாளரைப் போல் மூக்கால் பேச முயன்றது: "யாத்ரிகண் க்ருபயா த்யான் தீஜியே. பயணிகளின் கனிவான கவனத்திற்கு. ஔந்திலிருந்து கிளம்ப வேண்டிய நீலா எக்ஸ்பிரஸ், வழக்கம்போல, இன்னும் தலை வாரிக்கொண்டிருக்கிறது. தடங்கலுக்கு வருந்துகிறோம்."

பிரணவ் அட்டைப் பெட்டியைக் கீழே போட்டுவிட்டு ஷ்யாமின் தோளில் முகத்தைப் புதைத்தான். "ஸாரி பையா, ஸாரி அண்ணா," என்று அவன் சொன்னது சட்டைக்குள் அமுங்கிப் போயிற்று.

நீலா அழவில்லை. இன்ஜினைப் பார்த்துச் சண்டைக்காரி போல் சொன்னாள்: "ரெடியாயிட்டேன்! எப்பவோ ரெடியாயிட்டேன்!" அதற்குப் பிறகுதான் அழுதாள்.

வீட்டுக்கு வந்து ப்ரீதி குறிப்பின் மீதியை எழுதினாள். தடுப்புக் கட்டை என்ற சொல்லை எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது. நிஜமாகவே முட்டிக்கொண்டுதான் நின்றதா? ஆம், முட்டிக்கொண்டுதான் நின்றது. அடிக்கோடு போட்டாள். கடைசி வரிகள் இவை:

நாளை திங்கள். ஆபீசுக்குப் போகும் முன் ஔந்த் போக வேண்டும். வகுப்புத் தோழியிடம் நல்ல மைக் இரவல் கேட்டிருக்கிறேன். குரலைப் பதிவு செய்து, நீலா, பிரணவ், ஷ்யாம் மூவர் போனிலும் ஏற்ற வேண்டும். பட்டனை நீலாதான் அழுத்த வேண்டும். நான் இன்ஜினைத் தொடக் கூடாது.