மறுமுனையில் ஒருவன்

ஒரு திருகாணிகூடக் குறையவில்லை. மாஸ்டருக்கு அங்கேயே உறுத்தியிருக்க வேண்டும். துண்டு துண்டாக அனுப்பி நம்மையே பூட்டச் சொல்லும் அலமாரியில் என்றைக்கு எல்லாம் ஒழுங்காக இருந்திருக்கிறது?

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். தன் காலடியில் தனி பிரேக்கை வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஓட்டுகிறவரை நாள் முழுக்க அதட்டுவது தொழில். சொந்தக் கையால் ஒரு படத்தை நேராக மாட்டியதாகத் தெருவில் யாருக்கும் ஞாபகமில்லை. போன மாதம் ஒரு ஸ்டூலைப் பூட்டி மச்சானை உட்கார வைத்தார். மச்சான் எழுந்தபோது ஸ்டூல் இல்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் மச்சான் சிரித்தாலே இவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

குறிப்புத்தாளின் முதல் பக்கத்தில் தனியாக நிற்கும் பொம்மை மனிதன் மேல் பெருக்கல் குறி. பக்கத்தில் இரண்டு பேர் நிற்கும் படம். அதில் குறி இல்லை.

"எனக்கே பாடமா?" என்று தாளை வீசினார்.

அம்மா வீட்டுக்குப் போயிருந்த மனைவி போனில் கூப்பிட்டாள். "என்னங்க, தனியாவா மல்லுக்கட்டுறீங்க? தம்பிய அனுப்பட்டுமா?"

"ஒண்ணும் வேணாம். ஆள் இருக்கான்."

"யாரு?"

"இருக்கான் ஒருத்தன். மறுமுனைய பிடிச்சுக்கிறான்."

"சரி, ஆறு மணிக்கு வந்துடுறேன். அதுக்குள்ள முடிச்சுட்டா உங்களுக்குக் கோயில் கட்டுறேன்."

பசை நெடியும் மரத்தூளும் தொண்டையை அடைக்க, ஜன்னல் சாத்திய அறையில் வியர்த்து வழிந்து, ஒரு பலகையை நிறுத்தினால் இன்னொன்று சாய, நசுங்கிய கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு மூன்று மணி வரை அலமாரியையும் மச்சானையும் மாறி மாறித் திட்டித் தீர்த்தார். கடைசியில் தன்னைவிட உயரமான பின்பலகையைக் கட்டிப்பிடித்துத் தொழில் பழக்கத்தில் அதட்டினார்.

"தூக்கு. மெதுவா. உன் பக்கம் ஒடிச்சுத் திருப்பு... இன்னும் கொஞ்சம்."

பலகை லேசானது. மறுமுனை தரையை விட்டுச் சீராக எழும்பி, சொன்ன பக்கம் திரும்பி, சட்டத்தில் போய்ப் பொருந்தியது.

வேறொருவராக இருந்தால் ஓடியிருப்பார். ஆனால் ஆணவக்காரனுக்குப் பயத்துக்கு முன்னால் பெருமைதான் வரும். 'கை பழகிவிட்டது' என்று நினைத்துக்கொண்டார் மாஸ்டர். பலகையின் மேல் விளிம்பில், தூசியில் பதிந்திருந்த நான்கு விரல்களைப் பார்க்கவில்லை.

வீசிய தாளை எடுத்துப் புரட்டினார். கடைசிப் பக்கப் படத்தில் ஒருவன் உள்ளே நின்று பின்பலகையை அழுத்த, மற்றவன் வெளியே கதவு மாட்டுகிறான். மாஸ்டர் உள்ளே நுழைந்து முதுகைக் கொடுத்து அழுத்தினார்.

அப்போது கட்டில்மேல் போன் அடித்தது.

நின்றது.

"ஆங், முடியப்போகுது. நீ வா." யாரோ பேசினார்கள்.

அது அவருடைய குரல்.

முதல் கதவு வந்து பொருந்தியது. இரண்டாவது. திருகாணி சுற்றும் சத்தம். மூன்றாவது. கத்த வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. குரல் வெளியே இருந்தது.

"மெதுவா," என்றது அது. "இன்னும் கொஞ்சம்."

இருட்டு. பசை நெடி. நூலளவு இடுக்கில் வெளிச்சம்.

வாசலில் செருப்புச் சத்தம். "அட! நீங்களா பூட்டுனீங்க? என் தம்பி பார்த்தா மயங்கி விழுந்துடுவான்! ஆமா, உங்க ஆள் எங்க?"

"உள்ள வேலை முடிஞ்சுது."

இடுக்கில் கண்ணை வைத்தார். தன் சட்டை. தன் வழுக்கை. மனைவியின் தோளில் ஒரு கை. கட்டைவிரல் நசுங்காத கை.

"உள்ள என்னமோ தட்டுதே?"

"புதுப் பலகை. கொஞ்ச நாள் அப்படித்தான்."

அவள் சிரித்துக்கொண்டே அதன் தோளில் சாய்ந்தாள். கையிலிருந்த வளைந்த சாவியால் அது கடைசித் திருகாணியை இன்னும் ஒரு சுற்று இறுக்கியது. உள்ளே, அடிப்பலகையில், மாஸ்டரின் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது.