இருபத்திநாலாவது கோடு

பலகையில் ஒரு கோடு கூடுதலாக இருந்தது.

தப்பாக எண்ணிவிட்டோம் என்றுதான் கருப்பண்ணன் முதலில் நினைத்தான். வீட்டை ஒட்டிய தச்சுப்பட்டறையின் சுவரில் எட்டடிக்கு நாலடி பிளைவுட்டை அறைந்து, வரிசையாக ஆணி அடித்து, உளி, இழைப்புளி, கைவாள், மூலைமட்டம் என்று ஒவ்வொன்றாக மாட்டி, ஒவ்வொன்றையும் சுற்றிக் கறுப்பு மார்க்கரால் கோடு போட்டு முடித்தது நேற்றுச் சாயங்காலம். செல்போனில் எவனோ செய்து காட்டிய வித்தை அது. ஒரு சாமானை எடுத்தால் அதன் வடிவம் மட்டும் சுவரில் காலியாக நிற்கும். எது இல்லை என்று வாசலில் நின்றே சொல்லிவிடலாம். இருபத்திமூன்று சாமான், இருபத்திமூன்று கோடு. இன்றைக்குக் காலையில் எண்ணினால் இருபத்திநாலு.

அந்தக் கூடுதல் கோடு கீழ் மூலையில், அறுப்பு மிஷினுக்கு நேர் மேலே இருந்தது. பிளைவுட்டின் பசை நெடியும் பலாமரத் தூளின் இனிப்பு வாசமும் கலந்து கிடக்க, ஜன்னல் வழியாக மூடுபனி சத்தமில்லாமல் உள்ளே ஏறிக்கொண்டிருக்க, அவன் குனிந்து உற்றுப் பார்த்தான். மேலே ஒரு ஆணி. ஆணிக்குக் கீழே கொஞ்சம் குறுகலாக ஆரம்பித்து அகலமாகி, பிறகு நாலு நீளமும் ஒரு குட்டையுமாகப் பிரிந்த வடிவம். கை. மணிக்கட்டில் ஆணியடித்து மாட்டினால் ஒரு கை எப்படித் தொங்குமோ அப்படி.

"ராதிகா!" என்று கத்தினான். அவன் மனைவி அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள்.

"பலகையில நீ ஏதாச்சும் கிறுக்குனியா?"

"உங்க பட்டறைக்குள்ள நான் எதுக்குங்க வாரேன்? எனக்கு வேற சோலி இல்லீங்களா?" என்றவள், பலகையை ஒரு தடவை பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான மாட்டி வெச்சிருக்கீங்க. கவிதா பாத்தா சந்தோசப்படுவா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்த மூலையைப் பற்றி அவள் ஒன்றுமே சொல்லவில்லை.

கவிதா. அந்தப் பெயரைக் கேட்டதும் அவன் பலகைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான்.

கவிதா அவனுடைய தங்கை. அவள் புருசன் அப்பாசாமி இந்தப் பட்டறையில் ஒன்பது வருசம் கருப்பண்ணனோடு வேலை செய்தவன். போன வருசம் ஆயுத பூஜையன்று இதே அறுப்பு மிஷினில் வலது கை மணிக்கட்டோடு போய், வேனில் ஏற்றிக் கீழே கொண்டுபோகும்போது, மலையிறங்கும் எழுபது வளைவில் பாதிகூடத் தாண்டாமல் கருப்பண்ணன் மடியிலேயே செத்துப்போனான். துண்டில் சுற்றிய கையை உடம்போடு சேர்த்துத்தான் புதைத்தார்கள்.

ஊர் என்ன சொல்லும்? பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலையில் மறுபூஜை போட்டுத்தான் தொட வேண்டும். அதுவரைக்கும் சாமான் சாமியினுடையது. அதைத் தொட்டான், சாமி கையை எடுத்துக்கொண்டது. சாமிகுத்தம். வளப்பூர் நாட்டு ஊர்கள் முழுக்க அதே பேச்சு. நோம்பி, திருவிழாவுக்குக்கூட கவிதா கோயில் பக்கம் போகவில்லை.

யார் சொல்லி ஊருக்குத் தெரிந்தது? கருப்பண்ணன் சொல்லித்தான். "நான் கடைக்குப் போயிருந்தேனுங்க. வந்து பாத்தா இவனே மிஷினப் போட்டுட்டான்" என்று இழவு வீட்டில் மார்பில் அடித்துக்கொண்டு சொன்னான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான், பாவி. ஊரும் அள்ளி அள்ளித் தின்றது.

நடந்தது வேறு. தேவனூர் நாட்டில் ஒரு வீட்டுக்கு மறுநாள் விடிகாலையில் வாசல் நிலை வைக்க நல்ல நேரம் குறித்திருந்தார்கள். ஒரு சட்டம் அளவு தப்பிவிட்டது என்று போன் வந்தபோது பூஜை முடிந்து கற்பூரம் அணைந்திருந்தது. பிளேடுக்குச் சந்தனம் வைக்க, கை படாமல் காக்கும் அதன் மூடியைக் கழற்றி, அதற்கும் பொட்டு வைத்து, இலையில் படத்துக்கு முன்னால் வைத்திருந்தார்கள்.

"வேண்டாமுங்க மச்சான். நாளைக்கு வெள்ளன அறுத்துக்கலாம்" என்றான் அப்பாசாமி.

"அஞ்சு நிமிச வேலை மாப்ள. சாமி கோவிச்சுக்காது."

"அப்ப மூடியவாவது மாட்டிக்கறேனுங்க."

"அது பூஜையில இருக்குது, அதைத் தொடாத. அப்படியே அறு."

இதுதான் கருப்பண்ணன் சொன்னது. மிஷினை ஓட்டச் சொன்ன அதே வாய், மூடியை எடுத்தால் மட்டும் சாமிக்கு ஆகாது என்று பயந்தது. அந்தக் கூறுகெட்ட பக்தியை நினைக்கும்போதெல்லாம் அவனுக்குத் தன் வாயிலேயே அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருக்கும். அடித்துக்கொண்டதில்லை. உண்மையைச் சொன்னதுமில்லை.

முந்தாநாள் கவிதா போன் செய்திருந்தாள். "இந்தப் பூஜைக்கு நான் வாரேனுங்கண்ணா. அவரு உளியையும் கொண்டாரேன், நீங்க செய்யற புதுப் பலகையிலயே மாட்டிருங்க. அவரு பண்ணின தப்புக்கு நான் ஆயுதத்து முன்னால உளுந்து மன்னிப்புக் கேட்டுக்கறேன். அப்பவாவது அவரு ஆத்துமா அடங்கட்டும்."

"சரி கண்ணு" என்றுதான் அவனால் சொல்ல முடிந்தது.

கோட்டைப் பார்த்த அன்றைக்கே உப்புத்தாளை எடுத்து அந்தக் கோட்டைத் தேய்த்தான். பிளைவுட்டின் மேல் அடுக்கு உரிந்து உள்ளே சிவந்த மர அடுக்கு தெரியும்வரை தேய்த்தான். ஆணியைக் குறட்டால் பிடுங்கி ஜன்னல் வழியே மிளகுக்கொடிக்குள் வீசினான். மறுநாள் காலையில் உரிந்த அந்த இடத்திலேயே கோடு இருந்தது. ஆணியும் இருந்தது. சுண்டுவிரல் மட்டும் மடங்கியிருந்தது.

பெரிய கைவாளைக் கொண்டுவந்து அதன்மேல் மாட்டி மறைத்தான். பூஜையன்று காலையில் கைவாள் தரையில் கிடந்தது. இப்போது மூன்று விரல்கள் மடங்கியிருந்தன. ஆள்காட்டி விரல் மட்டும் நீட்டி, கீழே இருந்த அறுப்பு மிஷினைக் காட்டியது. ஒரு வருசமாக வயரைச் சுருட்டிக் கட்டி, மூடி போட்டு, சாக்கால் மூடி வைத்திருந்த மிஷின். சாக்கு நழுவிக் கிடந்தது.

சொல்லிவிடலாம். கவிதா வந்ததும் காலில் விழுந்து சொல்லிவிடலாம். பகல் முழுக்க அதையே ஜெபம்போலச் சொல்லிக்கொண்டு சாமான்களைக் கழுவினான். ராதிகா பொரியும் செவ்வந்தியும் வாங்கச் சேந்தமங்கலத்துக்கு இறங்கியிருந்தாள். மூடுபனியால் பஸ் ஊர்ந்துதான் ஏறும் என்று போன் வந்தது. நாலு மணிக்கே வெளிச்சம் மங்கிவிட்டது. ஓட்டிலிருந்து நீர் சொட்டியது. எங்கேயோ ஒரு பலாப்பழம் அழுகிக் கிடந்து, அந்த வாடை பட்டறைக்குள் வந்து நின்றுகொண்டு போகவே மாட்டேனென்றது.

கவிதா வந்தாள். இளைத்திருந்தாள். முந்தானைக்குள்ளிருந்து உளியை எடுத்து நீட்டினாள். அதை இரண்டு கையாலும் வாங்கினான். சின்ன வயதில் சுத்தியல் பட்டு வளைந்துபோன இடதுகைக் கட்டைவிரல் சில்லென்று அவள் கையில் உரசியது.

"ஏனுங்கண்ணா, உடம்பு சரியில்லீங்களா?"

"பனி கண்ணு. வேற ஒன்னுமில்ல."

அவள் சந்தனக் கிண்ணத்தோடு பலகையோரம் நடந்து, ஒவ்வொரு சாமானுக்கும் பொட்டு வைத்தாள். சந்தனம், அதன்மேல் குங்குமம். பிறகு மிஷினுக்கு முன்னால், சிமெண்டுத் தரையில், நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள்.

"அவரு தெரியாம தொட்டுட்டாரு சாமி. நீதான் பொறுத்துக்கணும். அவரு தப்பு எங்களோட போகட்டும்."

அவள் முதுகு குலுங்கியது. இப்போது சொல். இப்போதாவது சொல்லடா. அவன் வாயைத் திறந்தான். ஒன்பது வருசம் தன்னோடு ஒரே சட்டியில் சாப்பிட்டவன் மடியில் கனத்த கனம் ஞாபகம் வந்தது. ஊர் ஞாபகம் வந்தது. போலீஸ் ஞாபகம் வந்தது.

"அழாத கண்ணு" என்றான். "அவன் விதி அது. நான் மட்டும் அன்னைக்குக் கடைக்குப் போகாம இருந்திருந்தா தடுத்திருப்பேன்."

சொல்லி முடித்ததும் பட்டறையில் சொட்டுச் சத்தம் நின்றது.

கவிதா எழுந்து கண்ணைத் துடைத்தாள். பலகையைப் பார்த்தாள். "ஒன்னுக்குப் பொட்டு வெக்காம உட்டுட்டனே" என்று கீழ் மூலைக்குப் போனாள்.

"அங்க ஒன்னும் இல்ல கவிதா."

"இருக்குதுங்கண்ணா."

அவள் உடம்பு மறைத்தது. மோதிர விரலில் சந்தனத்தை எடுத்தது தெரிந்தது. வைத்தது தெரிந்தது. விரலை எடுக்கவில்லை.

"அண்ணா." குரல் மெதுவாக வந்தது. "சூடா இருக்குதுங்க."

அவன் இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தான்.

கோட்டுக்குள் கை தொங்கியது. மணிக்கட்டில் ஆணி. நகக்கண்ணில் மரத்தூள். புறங்கையில் ஈரச் சந்தனம், நடுவில் குங்குமம். மடங்கியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்து கவிதாவின் விரல்களைப் பற்றிக்கொண்டன. அவள் கத்தவில்லை. காதோரம் யாரோ பேசுவதைக் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள்.

"அண்ணா" என்றாள், திரும்பாமல். "'அது பூஜையில இருக்குது, அதைத் தொடாத. அப்படியே அறு.' இப்படியா சொன்னீங்க?"

வாசல் இரண்டடி தூரம். கால் எழவில்லை.

மிஷினின் மூடி தானாகக் கழன்று தரையில் உருண்டது. சுருட்டிக் கட்டிய வயர் சுருட்டியபடியே இருந்தது. பிளேடு சுற்ற ஆரம்பித்தது. முதலில் மெதுவாக. பிறகு அந்த இரைச்சல்.

கவிதா அந்தக் கையை விடவேயில்லை. அதற்குப் பக்கத்தில், வெறும் பலகையில், மார்க்கர் இல்லாமல், ஒரு புதுக் கோடு ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. குறுகலான மணிக்கட்டு. அகலம். நாலு விரல். கடைசியாகக் கட்டைவிரல்.

அது வளைந்திருந்தது.