பக்கத்து நட்சத்திரம்

விரலால் மறைத்த பிறகும் அந்த நட்சத்திரம் தெரிந்தது. அடியில் விளக்கெரியும் ஒளிமேசையின் சூடும், பழைய கண்ணாடித் தகடுகளின் புளித்த வாசனையும், மூலையில் முனகிக்கொண்டிருந்த ஏசியின் சத்தமும் சேர்ந்து தன்னைக் கிறங்கடிக்கின்றன என்று நினைத்து, அவள் கையைப் புடவையில் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தாள். நகத்தின் வழியே கரும்புள்ளி அப்படியே இருந்தது.

அந்தத் தகடுகள் இரவு வானத்தின் நெகட்டிவ் படங்கள்; அவற்றில் வானம் வெள்ளை, நட்சத்திரம் கறுப்பு. பிரகாசம் கூடினால் புள்ளி பெரிதாகும். அவள் பல ஆண்டுகளாக அளந்துவந்தது ஒரே புள்ளியாகத் தெரியும் இரட்டை நட்சத்திரத்தை. அதில் ஒன்று மற்றதை உரித்து விழுங்குகிறது. விழுகிற வாயு கொதித்து எக்ஸ் கதிர்களைக் கக்குகிறது. “இதுல குடும்பக் கதை தேடாதீங்க” என்று துறைத் தலைவர் வகுப்பில் சொல்வார். மாணவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர் அவளுடைய கணவர்.

அந்த இரட்டை மெல்ல மெல்லப் பிரகாசமாகிவருகிறது என்பதுதான் அவருக்குப் பேர் வாங்கித் தந்த கண்டுபிடிப்பு. கண் எரிய அளந்ததெல்லாம் அவள். பக்கத்திலிருக்கும், மாறவே மாறாது என்று நம்பிய ஒரு நட்சத்திரத்தை விரலால் மறைத்து, திறந்து, அதோடு ஒப்பிட்டு அளந்தாள். இன்று காலைதான், புதிய கட்டுரையில் தன் பெயரும் வர வேண்டும் என்று முதல்முறையாக வாய்விட்டுக் கேட்டாள்.

“நன்றிப் பட்டியல்ல போட்டிருக்கேன்ல?” என்றார் அவர், சாப்பாட்டிலிருந்து தலை நிமிராமல்.

அந்த ஆத்திரத்தில்தான் பக்கத்து நட்சத்திரத்தையே மற்ற நட்சத்திரங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க உட்கார்ந்தாள். பழைய தகட்டில் அது மிளகளவு. அடுத்ததில் கடுகளவு. கடைசித் தகட்டில் ஊசிமுனை.

இரட்டை மாறவே இல்லை. தேய்ந்தது அளவுகோல்.

இன்று வாசலில் காவலாளி அவளுடைய வணக்கத்தைக் கண்டுகொள்ளாதது நினைவுக்கு வந்தது. திமிர் என்று நினைத்திருந்தாள். உள்ளங்கையை மேசைமேல் விரித்தாள். அதன் வழியே எல்லாப் புள்ளிகளும் தெரிந்தன. கூரையில் கையின் நிழல் இல்லை.

கதவு திறந்தது. கணவர்.

“யாரு இந்த லைட்டப் போட்டுட்டுப் போனது?”

“நான்தாங்க. இங்கதான் இருக்கேன்.”

அவர் திரும்பவில்லை. தகட்டை எடுக்க நீண்ட அவர் கை, அவள் கைக்குள் புகுந்து வெளியே வந்தது. கதகதப்பாக இருந்தது.

தகட்டைத் தூக்கிப் பிடித்து முகம் சுளித்தார். ஓரத்தில் ஒரு கறை. அவளுடைய விரல்ரேகை.

வாயால் ஊதி, கைக்குட்டையால் துடைக்கத் தொடங்கினார். முதலில் அவள் விரல்நுனி காணாமல் போனது.