நாறாத தண்ணீர்

அன்று காலை பம்பில் இறைத்த தண்ணீர் நாறவில்லை.

கரையில் இருப்பவர்களுக்கு இது நல்ல சேதியாகப் படலாம். கார்ஸா என்ற பாய்மரக் கப்பலில் இருந்தவர்களுக்கு இது கெட்ட சேதி. கப்பலின் அடியில், பாரத்துக்குக் கொட்டிய கற்களுக்கிடையே தேங்கும் தண்ணீர் அழுகி நுரைத்து, செத்த எலியும் மூத்திரமும் பழைய பன்றிக் கொழுப்புமாகக் குடலைப் புரட்ட வேண்டும். அப்படிப் புரட்டினால்தான் பலகைகள் இறுக்கமாக இருக்கின்றன என்று நம்பலாம். காதிஸ் துறைமுகத்தை விட்ட நாளிலிருந்து அந்த நாற்றத்தை முகர்ந்த பிறகுதான் அவர்களுக்குக் காலைச் செபமே நிம்மதியாக வரும். தெளிந்த தண்ணீர் வந்தால் கடல் உள்ளே வருகிறது என்று அர்த்தம்.

பலகை இடுக்குகளில் நாரும் கீல் என்ற தாரும் அடைப்பவன் ஓச்சோவா. எல்லோரும் அவனைத்தான் பார்த்தார்கள். அவன் பம்புக் குழிக்குள் கயிறு விட்டு அளந்தான். தண்ணீர் ஏறவேயில்லை. ஓட்டை எதுவும் இல்லை என்று கப்பல் தலைவர் குத்தியேரேவிடம் சொன்னான். இறங்கிப் பார்த்துச் சொல்லியிருக்கலாம்தான், மனசு வரவில்லை. அந்தக் கற்களுக்கடியில் அவன் தம்பி இனீகோ கிடந்தான்.

காய்ச்சலில் செத்தவனைக் கடலில் இறக்குவதுதான் கப்பல் வழக்கம். "அண்ணே, என்ன மீனுக்குப் போட்றாதண்ணே" என்று அவன் கையைப் பிடித்துக் கெஞ்சிவிட்டுத்தான் தம்பி கண்ணை மூடினான். ஊர்க் கோயில் மண்ணில்தான் புதைப்பேன் என்று ஓச்சோவா சத்தியம் செய்திருந்தான். எல்லோரும் செபம் சொல்லிக் கடலில் விட்ட மூட்டையில் இருந்தவை கல்லும் கிழிந்த படுக்கையும். தம்பியைப் பாய்த்துணியில் வைத்துத் தைத்து, மேலே கீலைப் பூசி, யாருக்கும் தெரியாமல் கற்களுக்குள் புதைத்துவிட்டான். அங்கே நாறுகிற நாற்றத்தில் இது யாருக்குத் தெரியப்போகிறது என்ற தைரியம்.

ரஸ்கோன் என்ற வாயாடி வாளியில் விரலை விட்டு நக்கிப் பார்த்தான். "டேய், இனிக்குதுடா" என்றான். பீப்பாய்த் தண்ணீர் பச்சை பிடித்து, சளி மாதிரி இழுபட, மூக்கைப் பொத்திக்கொண்டு பல்லால் வடிகட்டிக் குடித்துவந்த கூட்டம். வாளியை மொய்த்துக்கொண்டார்கள். மாதா செய்த அற்புதம் என்று ஒருவன் அழவே ஆரம்பித்தான். ஓச்சோவாவும் குடித்தான். ஜில்லென்று, லேசான வழவழப்போடு இறங்கியது. இன்னொரு குவளை கேட்டு வாங்கிக் குடித்தான்.

"ஒந்தம்பிக்குத்தான் குடுத்து வைக்கல" என்றான் ரஸ்கோன்.

குத்தியேரேவுக்கு மட்டும் உறுத்தல் போகவில்லை. "நாளைக்குக் கல்லு பூராத்தையும் பொரட்டுங்க. எங்கேருந்து வருதுன்னு பாத்துடலாம்" என்றார். தம்பி அவர் கண்ணில் பட்டால் அப்படியே கடலுக்குத்தான். எல்லோரும் சாப்பாட்டுக்குக் கூடியதும் ஓச்சோவா விளக்கோடு கீழே இறங்கினான்.

முதலில் பயமுறுத்தியது சுத்தம். வழக்கமாகக் காலில் ஏறும் கரப்பான்களும், வெளிச்சம் பட்டதும் சிதறும் எலிகளும், சுவரில் கசியும் கறுப்புப் பிசினும், நெஞ்சை அடைக்கும் அந்தப் புழுக்கமும் இல்லாமல், நக்கி எடுத்த எலும்பு போலக் கற்கள் வெளுத்துக் கிடக்க, இருட்டின் அந்தக் கோடியில், குழந்தை பால் குடிக்கிற சத்தம் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. தம்பி கிடந்த இடம் அது.

கற்களை விலக்கினான். மூட்டை பெருத்திருந்தது. தையல் தெறித்திருந்தது.

தம்பி அழுகவில்லை. கன்னம் உப்பிப் பளபளத்தது. தோலுக்கடியில் என்னவோ நெளிந்தது. கப்பல் பலகையைத் தின்னும் வெள்ளைப் புழுவை ஓச்சோவாவுக்கு நன்றாகத் தெரியும். விரல் நீளம் இருக்கும். இவை கை நீளம். உடம்பு முழுக்க இவைதான். தம்பியின் நகங்கள் இருந்த இடத்தில் சின்னச் சின்ன வட்ட வாய்கள். பத்து விரலும் கற்களுக்கிடையே தேங்கிய அழுக்கில் தோய்ந்து உறிஞ்சிக்கொண்டிருந்தன.

தம்பியின் வாய் திறந்திருந்தது. அதிலிருந்து தெளிந்த தண்ணீர். நிற்காமல். பம்பின் அடிக்குழாயை நோக்கி.

காலையில் ஓச்சோவா குடித்தது இதைத்தான். இரண்டு குவளை.

மேலே பம்பு அசைந்தது. யாரோ சிரித்தார்கள். "இன்னும் ரெண்டு வாளி எறைங்கடா." ரஸ்கோனின் குரல்.

கோயில் மண்ணாவது, சத்தியமாவது. சொல்லிவிட வேண்டும். குடிக்காதீர்கள் என்று கத்த வேண்டும். தம்பியை மீனே தின்னட்டும். ஓச்சோவா வாயைத் திறந்தான்.

வயிற்றுக்குள் ஒன்று புரண்டு படுத்தது.

சத்தம் வரவில்லை. தண்ணீர் வந்தது. தெளிவாக. மோவாயில் வழிந்து, நெஞ்சில் வழிந்து, வெளுத்த கற்களின் மேல் சொட்டி, நிற்காமல்.