அம்பின் ஆரஞ்சுப் பல்

பானுப்பிரியாவுக்கு வலது தோள் வலித்தது. சும்மா வலி இல்லை. கையைத் தூக்கித் தலைவாரக்கூட முடியாத வலி. நேற்றுப் பள்ளி மைதானத்தில் வில்லை இழுத்து இழுத்து விட்டதில் வந்தது.

வலித்தால் நல்லது, சதை வேலை செய்கிறது என்று அர்த்தம் என ரேணுகா மிஸ் சொல்லியிருந்தார். மிஸ்ஸுக்கு என்ன, அவர் விசில் மட்டும்தானே ஊதுகிறார் என்று பானு நினைத்துக்கொண்டாள்.

ஆவடி சேக்காட்டில் இருக்கும் அவர்கள் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் வில்வித்தை பழகினார்கள். வில்கள் பழசு. அம்புகள் அதைவிடப் பழசு. ஒன்று இடது பக்கமாகப் போகும். இன்னொன்று பாதி வழியிலேயே படுத்துக்கொள்ளும்.

ஒரே ஒரு நல்ல அம்பு இருந்தது. அது கிரணுடையது. வெளியூரில் வேலை செய்யும் அவன் மாமா பிறந்தநாளுக்கு வாங்கி அனுப்பிய கார்பன் அம்பு. கறுப்பாக, பென்சிலைவிட மெல்லிதாக, எடையே இல்லாததுபோல இருக்கும். கிரண் அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்குவான். ஆனால் கஞ்சன் இல்லை. பயிற்சி நாளில் எல்லோருக்கும் ஒருமுறை தருவான். விட்டவர்களே ஓடிப்போய் எடுத்து, துடைத்து, அவன் கையில் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்த அம்பின் வாலில் நாணைக் கவ்வும் சின்னப் பிளாஸ்டிக் துண்டு உண்டு. அதன் ஒரு பக்கத்தில் கடுகு அளவுக்கு ஒரு மேடு. மிஸ் முதல் நாளே சொல்லிக்கொடுத்தது இது: அம்பைப் பார்க்காதே, கண் இலக்கில் இருக்கட்டும். கட்டைவிரல் அந்த மேட்டைத் தேடிப் பிடிக்கும். மேடு உன் பக்கம் இருந்தால் இறகு வில்லில் இடிக்காது. அம்பு நேராகப் போகும்.

பானுவின் கட்டைவிரலுக்கு அந்த மேடு, இருட்டில் வீட்டு சுவிட்சைப் போலப் பழகியிருந்தது.

அந்த வாரம் மிஸ் தன் போனில் ஒரு படம் காட்டினார். நந்தம்பாக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை வில்வித்தைத் தொழில் கண்காட்சி நடக்கப்போகிறது. வில் செய்கிறவர்கள், அம்பு செய்கிறவர்கள், நாண் முறுக்குகிறவர்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் கடை விரிப்பார்கள். படத்தில் ஒரு சுவர் முழுக்க வில்களாகவே இருந்தன. பிள்ளைகள் மூச்சு விடாமல் பார்த்தார்கள்.

வில் செய்வதற்கென்று இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே பானுவுக்குத் தெரியாது. வில் என்றால் பள்ளி ஸ்டோர் ரூமில் முதலிலிருந்தே இருக்கும் ஒன்று என்று நினைத்திருந்தாள்.

"நாமளும் போலாமா மிஸ்?" என்று கேட்டான் கிரண்.

முடியாது என்றார் மிஸ். அது கடைக்காரர்களுக்கும் கம்பெனிக்காரர்களுக்கும். கழுத்தில் அட்டை மாட்டியவர்களைத்தான் உள்ளே விடுவார்களாம்.

அன்று மாலை பானுவின் அம்மா நாகவல்லி வேலையிலிருந்து வந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் அவளுக்குப் பிசிறு அறுக்கும் வேலை. அச்சிலிருந்து விழும் துண்டுகளில் வேண்டாமல் நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கைப் பிளேடால் சீவி எடுக்க வேண்டும். பாட்டில் மூடி, சுவிட்சு, டிபன் பாக்ஸ் கொக்கி, எது வந்தாலும் சீவுவாள். எது எங்கே போகிறது என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. விரல்களில் எப்போதும் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும்.

செருப்பைக் கழற்றிக்கொண்டே அம்மா சொன்னாள்: "ஞாயித்துக்கெயம எங்கூட வரியாடி? மெஷின்ல புதுசா ஒரு மால் ஓடுதுன்னு சொன்னேன்ல, அந்தப் பல்லு. அத்த ஏதோ வில்லு அம்பு கண்காட்சியில வெக்கிறாங்களாம். ஸ்டால்ல நிக்க ஆள் வேணுமாம். பொண்ணையும் இட்டுகினு வான்னாரு சூப்பர்வைசரு."

பானு கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "நந்தம்பாக்கத்துலயா?"

"அங்கதான். உனுக்கு யார் சொன்னது?"

மிஸ் போனில் காட்டிய படத்தைப் பற்றிப் படபடவென்று சொன்னாள் பானு. தோள்வலி எங்கே போனது என்றே தெரியவில்லை.

ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. அந்தப் 'பல்'லெல்லாம் சனிக்கிழமை மாலைக்குள் தயாராக வேண்டும். ஆகாவிட்டால் ஸ்டாலும் இல்லை, அட்டையும் இல்லை.

அதிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. சூப்பர்வைசர் பரந்தாமன் வீடு குமணன்சாவடியில் இருந்தது. சாமான்களோடு லோடு ஆட்டோ அங்கிருந்துதான் கிளம்பும். ஆகவே ஆவடியில் பூந்தமல்லி பஸ் பிடித்து, அங்கிருந்து குமணன்சாவடி போய்விட வேண்டும். பள்ளிச் சீருடையா, பொங்கலுக்கு எடுத்த சட்டையா என்று பானு கேட்டாள். பொங்கல் சட்டை. எலுமிச்சை சாதமா, புளி சாதமா? புளி சாதம்தான் கெடாது. அண்ணனூர் ஷெட்டில் ரயில் பெட்டி கழுவும் அப்பா, ஞாயிற்றுக்கிழமையும் ரயில் அழுக்காகும், நான் வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

உள்ளே போனதும் இடது பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தால் ஒரு கடையைக்கூட விடாமல் பார்க்கலாம் என்று பானு கண்டுபிடித்தாள்.

"நீ செவுத்தப் புடிச்சிகினு போய்ட்டா ஸ்டால்ல யார் நிக்கிறது?" என்றாள் அம்மா.

"நீ."

"நல்லா கீதே உன் பிளானு."

பானு விஷயத்தைக் கிரணிடம் சொன்னாள். அவன், அங்கே இருக்கும் நல்ல அம்பு ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து எப்படி இருந்தது என்று சொன்னால் போதும் என்றான்.

வியாழக்கிழமை அம்மா பை நிறைய வேலையை வீட்டுக்கே தூக்கிவந்தாள். தரையில் துணி விரித்துக் கொட்டினாள். பளபளவென்று ஆரஞ்சு நிறத்தில் குவிந்தன. ஒவ்வொன்றும் இரண்டு காலுள்ள கடைவாய்ப் பல் மாதிரி இருந்தது. அதனால்தான் கம்பெனியில் அதற்குப் பல் என்று பெயர்.

பானு ஒன்றை எடுத்தாள். இரண்டு விரலால் பிடித்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

அது அம்பின் வால்.

இத்தனை நாளாக அம்மா 'பல்லு பல்லு' என்று அலுத்துக்கொண்டதெல்லாம் இதைத்தான். அம்மா சீவிய துண்டு எங்கோ ஒரு நாணைக் கவ்விக்கொண்டு நிற்கும். காற்றைக் கிழித்துக்கொண்டு பறக்கும். பானுவுக்கு உடம்பு சிலிர்த்தது.

பிறகுதான் கட்டைவிரல் ஏதோ சரியில்லை என்று சொன்னது. மேடு இல்லை. சீவி முடித்த குவியலிலிருந்து இன்னொன்றை எடுத்துப் பார்த்தாள். அதிலும் இல்லை. சீவாத குவியலில் எடுத்தாள். கடுகு அளவு மேடு விரலில் தட்டுப்பட்டது.

அம்மாவின் பிளேடு சரக் என்று இறங்கியது. ஒரு மேடு பறந்துபோய்த் தரையில் விழுந்தது.

சொன்னால் அத்தனையும் வீண். ஸ்டால் இருக்காது, ஞாயிற்றுக்கிழமை இருக்காது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் எங்கேயோ யாரோ ஒருவர் இலக்கையே பார்த்துக்கொண்டு விரலால் தேடுவார். தேடிக்கொண்டே இருப்பார்.

"மா, அத்த அறுக்காத. அது பிசிறு இல்ல."

"சும்மா கீடி. எத்தினி வருசமா சீவறேன், பிசிறு எதுன்னு எனுக்குத் தெரியாதா?"

பானு பக்கத்துத் தெருவுக்கு ஓடினாள். கிரண் அம்பைத் துண்டில் சுற்றிக் கொடுத்தான். ஒன்றும் ஆகக் கூடாது என்றான். ஆகாது என்று பானு சொன்னாள்.

அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, அம்பின் வாலை அவள் விரல்களுக்கு நடுவில் வைத்தாள். ஆயிரமாயிரம் துண்டுகளைத் தொட்டுப் பழகிய விரல் அது. மேட்டின் மேல் ஒருமுறை போனது. திரும்பி வந்தது. அங்கேயே நின்றது.

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. பிளேடை மட்டும் கீழே வைத்தாள்.

மறுநாள் பள்ளிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு பானுவும் கிரணின் அம்பை எடுத்துக்கொண்டு அம்மாவோடு கம்பெனிக்குப் போனாள். பரந்தாமன் முதலில் நம்பவில்லை. வேறு கம்பெனி அம்பில் மேடு இருந்தால் நம்முடையதிலும் இருக்க வேண்டுமா என்றார். பொருத்திப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று சொல்லி, பானு வாயைத் திறப்பதற்குள் கிரணின் அம்பிலிருந்த வாலைப் பிளையரால் பிடுங்கினார். அந்த இடத்தில் ஓர் ஆரஞ்சுப் பல்லை வைத்து அழுத்தினார். அது கொஞ்சம் பெரிசு. இன்னும் அழுத்தினார்.

பட் என்று ஒரு சத்தம். அம்பின் வால்முனை பிளந்துவிட்டது.

மெஷின் மட்டும் தன்பாட்டுக்குத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

பரந்தாமன் ஆர்டர் கொடுத்தவருக்குப் போன் போட்டார். பேசப் பேச அவர் முகம் சுருங்கியது. போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, மேடு கட்டாயம் இருக்க வேண்டுமாம் என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எது நீட்டிகினு இருந்தாலும் சீவுன்னு நான்தான் சொன்னேன். தப்பு என்னுது, நாகவல்லி. பாப்பா அம்ப ஒடச்சதும் நான்தான்."

சீவிய பல்லெல்லாம் அரவை மெஷினுக்குள் போயின. புதிதாக ஓட்ட ஆரம்பித்தார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து சீவினார்கள். ஆனால் வேலை நகரவில்லை. எங்கே மேட்டை அறுத்துவிடுவோமோ என்று பயந்து, ஒவ்வொரு துண்டையும் கண்ணருகில் தூக்கிப் பார்த்துத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். இந்த வேகத்தில் போனால் திங்கட்கிழமைக்குக்கூட முடியாது என்றாள் ஒருத்தி.

பானு ஓரமாக நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். தோள் மறுபடி வலிக்கத் தொடங்கியிருந்தது. அந்த வலியில், அம்பைப் பார்க்காதே என்று மிஸ் சொன்னது நினைவுக்கு வந்தது; அதிலிருந்துதான் யோசனை வந்தது. அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"கண்ணால பாக்காதமா. கட்டைவெரல மேட்டு மேல வெச்சிக்க. வெரல் இருக்கற எடத்துல பிளேடு போவாதுல்ல."

அம்மா ஒன்றை எடுத்தாள். விரல் மேட்டைக் கண்டுபிடித்து உட்கார்ந்தது. சரக், சரக். பிசிறு போனது, மேடு இருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அவர்கள் கைகளும் மெல்ல மெல்லப் பழைய வேகத்துக்கு வந்தன.

சாயந்தரம் பானு அம்பைத் துண்டில் சுற்றியே கிரணிடம் கொண்டுபோனாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். உடைத்தது சூப்பர்வைசர்தான், ஆனால் ஒன்றும் ஆகாது என்று வாக்குக் கொடுத்தது நான் என்றாள். அவன் பிளந்த முனையை விரலால் தடவினான். இனி இதை நாணில் வைத்தால் கையைக் கிழித்துவிடும் என்று இருவருக்குமே தெரியும்.

"வேணும்னேவா செஞ்ச?" என்று கேட்டான்.

"இல்ல."

"அப்போ போய்ட்டு வா. தொட்டுப் பாத்துட்டு வந்து சொல்லு." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான்: "ஆனா ஒரு அம்பு பாக்கி."

சனிக்கிழமை மாலை கடைசிப் பல்லும் சீவி முடிந்தது. ஞாயிறு காலை பொங்கல் சட்டையும் புளி சாதமுமாக பானு குமணன்சாவடியில் லோடு ஆட்டோ ஏறினாள்.

போட்டு வைத்த திட்டமெல்லாம் வாசலிலேயே மறந்துபோனது. இடது சுவர் எது என்றே தெரியவில்லை. அவ்வளவு பெரிய கூடம். கூரை வானம்போல மேலே எங்கேயோ இருந்தது. ஒரு சுவரில் வில்கள், போனில் பார்த்ததைவிடப் பெரிய பெரிய வில்கள், சிவப்பும் நீலமும் கறுப்புமாகத் தொங்கின. ஒரு மேசையில் கட்டுக் கட்டாக அம்புகள். இன்னொன்றில் ஒரு பெண்மணி நூலை முறுக்கி நாண் செய்துகொண்டிருந்தார். பானுவுக்கு இமைக்கத் தோன்றவில்லை. பக்கத்தில் அம்மாவும் கழுத்து அட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடியே நின்றாள்.

கூடத்தின் கோடியில் வலை கட்டி, அம்பு விட்டுப் பார்க்க இடம் ஒதுக்கியிருந்தார்கள். மத்தியானம் உயரமான அக்கா ஒருத்தி அவர்கள் ஸ்டாலுக்கு வந்தாள். ஓர் ஆரஞ்சுப் பல்லை எடுத்து, தன் அம்பு ஒன்றில் பொருத்திக்கொண்டு அங்கே போனாள். பானுவும் அம்மாவும் பின்னாலேயே போனார்கள்.

அந்த அக்கா அம்பைப் பார்க்கவே இல்லை. கண் தூரத்தில் இருந்த மஞ்சள் வட்டத்தில் இருந்தது. கட்டைவிரல் மட்டும் தானாக நகர்ந்து மேட்டைப் பிடித்தது. அம்மாவின் கட்டைவிரல் இருந்த அதே இடம்.

நாண் விம்மியது. ஆரஞ்சுப் புள்ளி ஒன்று கூடத்தைக் கடந்தது. மஞ்சளின் நடுவில் போய் நின்று நடுங்கியது.

"அது நாம சீவுனது," என்றாள் அம்மா.

கிளம்புமுன் பானு ஓர் அம்பு மேசைக்குப் போய், தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டுத் தொட்டாள். ஒன்றே ஒன்று கிடைக்குமா என்றும் கேட்டாள். இங்கே கடைக்காரர்களுக்குப் பெட்டி பெட்டியாகத்தான் கொடுப்போம் பாப்பா, சில்லறை கிடையாது என்றார்கள். விசாரித்துத் தானே வாங்கித் தருவதாகப் பரந்தாமன் சொன்னார். எப்போது என்று சொல்லவில்லை.

திரும்பி வந்ததும் நேராகக் கிரண் வீட்டுக்குத்தான் போனாள். அவனைக் கண்ணை மூடச் சொல்லி, ஸ்டாலில் மிஞ்சிய ஓர் ஆரஞ்சுப் பல்லை அவன் விரல்களுக்கு நடுவில் வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். வில் சுவர், நாண் முறுக்கியவர், தொட்ட அம்பின் குளிர்ச்சி, அந்த அக்காவின் விரல், பறந்துபோன ஆரஞ்சுப் புள்ளி. கிரண் கண்ணைத் திறக்காமலே கேட்டான். அவன் கட்டைவிரல் மேட்டின் மேலேயே இருந்தது.

சொல்லி முடித்தபோது அவன் கேட்டது ஒன்றுதான்: "இதுல உங்கம்மா வெரல் பட்டிருக்குமா?"

"பட்டிருக்கும்," என்றாள் பானு.

கிரண் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பை மேல் ஒரு தட்டும் தட்டிக்கொண்டான்.

பானு அவனுக்கு ஓர் அம்பு தர வேண்டும். இன்னும் தரவில்லை.