பிடிமானம்

ரதீஸின் முழங்காலுக்கு மேலே நீலமாகக் கன்றிய அடையாளங்கள் இருந்தன. குளிப்பாட்டும்போது சுலோஜனா தன் விரல்களை அவற்றின் மேல் வைத்துப் பார்த்தாள். அந்த அடையாளங்களை விட அவளுடைய விரல்கள் பெரியவை.

"நோகுதா மனே?"

"இல்ல. புதுசா ஏதும் வந்தா நர்ஸ் மிஸ்ஸுக்குச் சொல்லணுமெல்லா?"

"நான் சொல்லுவன்."

சொல்லவில்லை. ரதீஸுக்கு ஆஸ்பத்திரியில் கொடுப்பது பரிசோதனை மருந்து. சந்தேகமான மாற்றம் தெரிந்தால் நிறுத்திவிடுவோம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். மூத்தவன் ரூபனுக்கு நிறுத்துவதற்குக்கூட ஒரு மருந்து இருக்கவில்லை. தசை கரையும் இந்த நோய் தாய்வழியாக வந்தது என்பதை, அவனைப் புதைத்த பிறகுதான் டொக்டர் அவளுக்கு விளக்கினார்.

மருந்து வேலை செய்தது. கரண்டி பிடிக்க முடியாதிருந்த கை சோறு பிசைந்தது.

"அடுத்த வருசம் பள்ளிக்கூட கிறிக்கெட் டீம்ல நானும் இருப்பன்."

"என்னவா?"

"அம்பயரா."

அடையாளங்கள் தொடைக்கு ஏறின. பிறகு இடுப்புக்கு. அவள் அவனுக்கு நீளக் காற்சட்டை போட்டுவிட்டாள்.

மண்டூரில் வெயில் சாயும் நேரம், காற்று விழுந்து, வாவியின் சேற்று மணம் சன்னல் வழியாக வந்து வீடு முழுக்கப் படிந்திருக்க, அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்த சுலோஜனாவுக்கு முன்னறையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. உள்ளங்கை சீமெந்துத் தரையில் பதியும் சத்தம், பிறகு முழங்காலில், பிறகு தொடையில். நடக்க முடிந்த காலத்தில் ரூபன் அப்படித்தான் எழும்புவான். தன் உடம்பையே கைகளால் பிடித்துப் பிடித்து ஏறுவான்.

"அம்மா, பின்னால நிண்டு தள்ளாதீங்க," என்றான் ரதீஸ், முன்னறையில்.

கைபேசி அடித்தது. வாரம் ஒருமுறை விசாரிக்கும் நர்ஸ் இர்ஷானா. சுலோஜனா அதைக் காதில் வைத்தபடி முன்னறை வாசலுக்கு வந்தாள்.

ரதீஸ் சக்கர நாற்காலியை விட்டு எழுந்துகொண்டிருந்தான். அவன் கைகள் சும்மா தொங்கின. தொடையில் வேறு இரண்டு கைகள். மெலிந்தவை. ஈர மண் ஒட்டியவை.

"அக்கா, மகன்ட உடம்பில ஏதும் வித்தியாசம் இருக்கா?"

ரதீஸ் நின்றான்.

"அம்மா, பாருங்க!"

கைகள் இடுப்புக்கு ஏறின. தோளுக்கு. பின்னால் ஒரு தலை உயர்ந்தது. புதைக்குமுன் அவள் எண்ணெய் வைத்து வாரிவிட்ட தலை.

இரண்டு பிள்ளைகளும் நின்றார்கள்.

"அக்கா?"

"ஒண்டுமில்ல மிஸ்."

அந்தக் கைகள் அடுத்த பிடியைத் தேடின. ரதீஸின் கழுத்தில் விரல்கள் ஒவ்வொன்றாய்ப் படிந்தன. அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.