ஆயிரத்து நூறாவது மீட்டர்

திரையில் கோடு ஆயிரத்து நூறாவது மீட்டரில் லேசாக மேடு தட்டியிருந்தது. நகக்கண் அளவு. அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தாள். மேடு போகவில்லை.

ஞாயிறு காலை. நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேறு யாரும் இல்லை. குளோரின் வாசனை, ஈரச் சுவரின் வாசனை, கீழே எங்கோ பம்பின் தூக்கக் குறட்டை. மேசைக்கடியில் தரைத்துளை வழியே மஞ்சள் வடம் ஒன்று இறங்கியது. அதற்குள் முடி அளவுக் கண்ணாடி இழை. அது பெரிய குழாய்க்குள் நுழைந்து, ஓடும் தண்ணீரோடு ஆயிரத்து நூறு மீட்டர் தள்ளியிருந்த நிலத்தடித் தொட்டிவரை போனது. தண்ணீரில் வேண்டாத ரசாயனம் ஒரு துளி கலந்தாலும் இழையின் பூச்சு அதைப் பிடித்துக்கொள்ளும். அந்த இடத்தில் ஒளி மங்கும். திரையில் மேடு எழும்.

இந்தக் கருவியைச் செய்தவள் நாத்தனார், கணவனின் தங்கை. அவளுக்கு வேலை விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்ததே இவள்தான். பதினாறு வருடம் பாட்டிலில் தண்ணீர் மொண்டு, சொட்டுச் சொட்டாகச் சோதித்த கை இவளுடையது.

"இனிமே உன் பாட்டில் எல்லாம் செடி வளக்கத்தான் லாயக்கு," என்றான் கணவன், நேற்றுச் சாப்பாட்டு மேசையில். மாமியாருக்குப் புரையேறும்வரை சிரித்தார்கள். இவளும் சிரித்தாள்.

தொலைபேசி அடித்தது.

"அண்ணி, தொட்டி மூடியத் திறந்துட்டேன். ஒரு நாத்தமும் இல்ல. அதான் ஒரு மாதிரியா இருக்கு. கோடு எப்படி?"

நாளை மேலதிகாரிகள் கருவியைப் பார்க்க வருகிறார்கள். அதற்குமுன் இழையின் பிடிகளை உள்ளே இறங்கி இறுக்க வேண்டும். கூடத்தில் இருப்பவர் கோட்டைப் பார்த்துச் 'சுத்தம்' என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் காதில் விழாமல் யாரும் ஏணியில் கால் வைக்கக் கூடாது. அந்த விதியை எழுதியவளும் நாத்தனார்தான்.

மேடு ஒரு விரல்கடை உயர்ந்திருந்தது.

மேடு இருக்கிறது என்று சொன்னால் கருவி ஜெயித்தது. சுத்தம் என்று சொல்லிவிட்டு, மத்தியானம் தன் பாட்டிலில் அதே தண்ணீரை மொண்டு கண்டுபிடித்துக் காட்டினால்? கருவி குருடு. பதிவை அழிக்க ஒரு விசை போதும்.

"அண்ணி? தூங்கிட்டீங்களா?"

"சுத்தம்," என்றாள். "இறங்கு."

"உங்க வாய்க்குச் சர்க்கரை போடணும்."

இரும்பில் காலடி. ஒன்று. இரண்டு. எண்ணினாள். பன்னிரண்டில் தண்ணீர் சளப்பென்றது.

"அண்ணி, இங்க யாரோ..."

அலறல் இல்லை. யாரோ மிடறு மிடறாகத் தண்ணீர் குடிக்கும் சத்தம் மட்டும். நெடுநேரம் தாகத்தில் இருந்தவர்போல. பிறகு அதுவும் இல்லை.

வாசல் காவலாளியை அழைக்கக் கை போனது. என்னவென்று சொல்வது? நான்தான் சுத்தம் என்றேன் என்றா? கை பாதியில் நின்றது.

திரையில் இப்போது இரண்டு மேடுகள். பெரியது ஒன்று. அதை ஒட்டி, புதிதாக, சின்னதாக ஒன்று.

ஆயிரம்.

நகர்ந்திருந்தன. தண்ணீர் இங்கிருந்து அங்கே போவது. அதன் வேகத்தை எதிர்த்து அங்கிருந்து எதுவும் இங்கே வர முடியாது.

எழுநூற்றுப் பத்து. நானூறு.

சின்னது முந்தியது. இதிலும் முந்துகிறாள் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததற்கு வெட்கப்படக்கூட நேரமில்லை.

நூற்றிருபது.

பம்பின் குறட்டை நின்றது. எழ வேண்டும். அடுத்த எண்ணையும் பார்த்துவிட்டு என்று திரையையே பார்த்தாள்.

நாற்பது.

ஒன்பது.

பூஜ்யம்.

மேசைக்கடியில் மஞ்சள் வடம் விறைத்தது. துளைக்குள்ளிருந்து ஓர் இழுப்பு. சற்றுப் பொறுத்து இன்னொன்று, ஒரு கை மேலே. மறுபடி, இன்னும் ஒரு கை மேலே. அதற்குக் கீழே, கனமாக, நிதானமாக, வேறு இரண்டு கைகள்.